அங்க அடையாளம்

கழட்டறேன் டாக்டர், கழட்டறேன். அதுக்குத்தானே வந்திருக்கேன். இந்த மேல் பித்தான் இருக்கே, தையக்காரன் காஜாவைச் சின்னதா எடுத்துட்டான், கெஞ்சிக் கூத்தாடினாத்தான் வெளில வரும். நீங்க அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டே இருங்க, அதுக்குள்ள ஆயிடும்.

ஆமாங்க, அதேதான். டிஸ்சார்ஜ் புத்தகம். பட்டாளத்தை விட்டு வரும்போது கையில குடுத்து அனுப்பறது. அட்டை பிஞ்சு போய் நூல் போட்டுத் தெச்சிருக்கு, பாத்துத் திருப்புங்க. முதல் பக்கத்துல பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி. அடுத்த பக்கம் ஃபோட்டோ. சிரிக்காதீங்க. அந்த வயசுல காதுதான் முதல்ல வளரும், முகம் பின்னாடி மெதுவா வந்து சேரும். நடத்தைங்கற இடத்துல மிக நன்றுன்னு போட்டிருக்கா? சரி. மூணாவது பக்கத்துலதான் உங்க வேலை. அங்க அடையாளம். இடது தோளின் பின்புறம், குண்டுச் சில்லு பாய்ந்த தழும்பு, பிறை வடிவம், நீளம் இரண்டரை அங்குலம். எனக்கு மனப்பாடம். என் கல்யாணத் தேதியைக் கேட்டா ரெண்டு நிமிஷம் யோசிப்பேன், இதை யோசிக்க மாட்டேன்.

நீங்க அதைக் கண்ணால பாத்து, அளந்து, உண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான். மூணு மாசத்துல நான் ரிட்டையர் ஆகறேன் டாக்டர். குடிநீர் நிலையத்துல ஸ்டோர் கீப்பர். அங்க என் சர்வீஸ் பதினாறு வருஷம். பென்ஷன் வேணும்னா இருபது வருஷம் இருந்தாகணும். நாலு குறையுது. பட்டாளத்துப் பன்னெண்டைச் சேத்துக்கிட்டா இருபத்தெட்டு, தாராளம். சேக்கலன்னா, போயிட்டு வாங்கன்னு கையைக் குலுக்கி அனுப்பிடுவாங்க. வாங்கன்னுதான் சொல்வாங்க, வந்தா உள்ள விட மாட்டாங்க.

முன்னாடியெல்லாம் புத்தகத்தைக் காட்டினாலே போதும். இப்ப வந்திருக்கற அதிகாரி கொஞ்சம் கறார். புத்தகம் ஒருத்தன்கிட்டயும் உடம்பு இன்னொருத்தன்கிட்டயும் இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டிருக்கார். நியாயமான கேள்விதான். நானும் என் ஸ்டோர்ல அதையேதான் கேப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்டாக் எடுப்போம். புத்தகத்துல நாப்பது வால்வுன்னு இருந்தா அலமாரியில நாப்பது இருக்கணும். முப்பத்தொம்பது இருந்தா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. பதினாறு வருஷத்துல ஒரு வாஷர் குறைஞ்சதில்ல டாக்டர். ஒரு வாஷர்.

பித்தான் வந்துடுச்சு. இன்னும் நாலு இருக்கு.

இல்லீங்க, இது முதல் தடவை இல்ல. வேலையில சேரும்போது ஒரு மீசைக்கார டாக்டர் பாத்தார். பட்டாளத்து ஆளுக்கு வயசு வரம்புல சலுகை உண்டு, அதனாலதான் நாப்பத்திரெண்டு வயசுல எனக்கு அந்த வேலையே கிடைச்சுது. அப்புறம் ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டாக்டரம்மா. ரெண்டு பேருமே உண்டுன்னு எழுதியிருக்காங்க, கடைசியில குத்தி வெச்சிருக்கேன் பாருங்க. அந்த டாக்டரம்மா ரொம்பத் தங்கமானவங்க. தழும்புல விரலை வெச்சு அழுத்திப் பாத்துட்டு, மழைக்காலத்துல வலிக்குமான்னு கேட்டாங்களாம்.

என்ன? இல்லையே, கேட்டாங்கன்னுதான் சொன்னேன். கேட்டாங்க.

எப்படிப் பட்டுச்சா? அது பெரிய வீரக்கதையெல்லாம் இல்ல. மலை மேல ஒரு காவல் கொட்டகை, எட்டுப் பேர். பனியில தண்ணி உறைஞ்சு போயிடும், அதனால கொஞ்சம் கீழ இறங்கி ஒரு ஊத்துல பிடிச்சுக்கிட்டு வரணும். முறை வெச்சுப் போவாங்க. அன்னைக்கு முறை வேற ஒருத்தனோடது. அவனுக்குக் காய்ச்சல். நான் போறேன், நீ படுன்னு சொல்லிட்டு ரெண்டு கேனையும் எடுத்துக்கிட்டு இறங்கினேன். பிடிச்சுக்கிட்டு ஏறி வரும்போது பாதி வழியில எங்கேயோ ஒண்ணு வெடிச்சுது. வலியே தெரியல. முதுகுல வெந்நீர் கொட்டின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். கேன் சாஞ்சு தண்ணி போகுதேன்னு ஊர்ந்து போய் முதல்ல அதை நிமித்தி வெச்சேன். அப்புறம்தான் மயக்கம். அந்தக் காய்ச்சல்காரன் பிற்பாடு ஆஸ்பத்திரிக்கு வந்து காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதானாம்.

பிடிச்சுக்கிட்டு அழுதான்.

ஆறினதும் திரும்ப வேலைக்கே அனுப்பிட்டாங்க. மொத்தம் பன்னெண்டு வருஷம். அங்க பென்ஷன் வாங்கப் பதினஞ்சு வேணும், மூணு குறைச்சல். என் ராசியோ என்னவோ, எங்க போனாலும் மூணு நாலு குறையும். ஒரு தொகையைக் குடுத்தாங்க, அது அப்பா வைத்தியத்துக்குப் போச்சு.

எனக்கு ஒரு தம்பி டாக்டர். ஒரு வருஷந்தான் வித்தியாசம். ரெண்டு பேரும் அப்படியே அச்சு. எங்க சித்தப்பாவே ஒருத்தனுக்கு அடிக்க வேண்டியதை இன்னொருத்தனுக்கு அடிச்சிருக்கார், ஆள் மாறிப் போச்சுன்னு சொன்னா மத்தவனுக்கும் சேத்து விழும். பட்டாளத்துல இருந்து மாசம் தவறாமத் தம்பிக்குக் கடிதாசி. எல்லாமே ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் எழுதுவது, இங்கு நான் நலம், நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, அப்பாவைக் கவனித்துக்கொள். பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அங்க இருந்து அனுப்புவாங்க, அதனால வேற எதையும் எழுத முடியாது. ட்ரங்குப் பெட்டி அடியில அத்தனையும் இருக்கு.

என்ன பண்றானா? அவன் எட்டாவதோட நின்னுட்டான். எங்க ஸ்டோர்லயே லோடு இறக்கற ஆளு, தினக்கூலி. அவன் பேர்ல ஒரு சான்றிதழ் கிடையாது, முன் அனுபவம் கிடையாது. இத்தனை வருஷமா எங்கப்பா இருந்தேன்னு கேட்டா சும்மாதான் இருந்தேன்னு சொல்லுவான். வேற என்ன வேலை குடுப்பாங்க? வருகைப் பதிவுல நான்தான் அவன் பேரை எழுதுவேன். காலையில வந்து எதிர்ல நின்னு, ஸ்டோர் கீப்பர் சார், வணக்கம்னு விறைப்பா ஒரு சல்யூட் வெப்பான். எல்லாரும் சிரிப்பாங்க. நான் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருப்பேன்.

பெஞ்சுல உக்காந்திருக்காளே, மடியில பையோட? ஆமாம், அவன் சம்சாரம்தான். அவளும் என்கூடத்தான் வந்திருக்கா.

அவன் இல்லீங்க. தவறிட்டான். போன வியாழக்கிழமை.

கழட்டறேன், இதோ கடைசிப் பித்தான்.

இரும்புக் குழாய் லோடு வந்துச்சு. அவன் எப்பவும் வலது தோள்லதான் ஏத்துவான், இடது பக்கம் ஒரு தேங்காய் மட்டை கூடத் தூக்க மாட்டான். ஒத்தத் தோளுன்னே அவனுக்குப் பேரு. அன்னைக்கு எதிர்முனையைப் பிடிக்க வந்த ஆளு புதுசு, அவன் பாட்டுக்கு இவன் வழக்கமா நிக்கற பக்கத்துல போய் நின்னுட்டான். பக்கம் மாத்திக்கடான்னு இவன் சொல்லியிருக்கலாம். சொல்லல. என் தம்பி எப்பவுமே அப்படித்தான், அடுத்தவன் நின்ன இடத்தை விட்டுட்டு மிச்சம் இருக்கற இடத்துல போய் நிப்பான். இடது தோளைக் குடுத்தான். ஏழெட்டு அடி வெச்சிருப்பான், கை விட்டுப் போச்சு, குழாய் அவன் மேலயே விழுந்துச்சு. நான் கேட்ல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு. அது இருபத்துமூணாவது குழாய்.

ஏன் டாக்டர், பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க?

சட்டை ஆச்சு. பனியனும் எடுத்துடறேன். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிக்கணுமா? இப்படியா? சரி.

ஸ்கேல் வேண்டாம் டாக்டர், எடுத்து வெச்சுடுங்க. போன வியாழக்கிழமையே நீங்க அளந்தாச்சு. ரெண்டரை அங்குலம், பிறை வடிவம், பழைய தழும்பு. பிரேதப் பரிசோதனை அறிக்கையில நீங்கதான் எழுதியிருக்கீங்க, உங்க கையெழுத்துத்தான். தம்பி சம்சாரத்தோட பையில இருக்கு. காலையில பெஞ்சுல வெச்சு என்கிட்ட காட்டினா. தொழில்ங்கற இடத்துல கூலின்னு இருக்கு. மாமா, தழும்பைக் கூட அளந்து எழுதியிருக்காங்க, அது எங்க பட்டுச்சுன்னு எழுத இடமே இல்லையான்னு கேட்டா. பட்டாளத்துக்காரன் சம்சாரம்னா, அவன் பென்ஷன் வாங்காதவனா இருந்தாலும், அவளுக்கு மாசாமாசம் ஏதோ உதவித்தொகை உண்டாம். கூலிக்காரன் சம்சாரத்துக்கு அன்னைக்கு வேலை செஞ்ச அரை நாள் கூலிதான்.

அந்தக் கடிதாசியெல்லாம் நான் போட்டது இல்ல டாக்டர். எனக்கு வந்தது.

ஆள் எடுத்த மைதானத்துல ஓடினது நான்தான், மார்பு அளந்ததும் எனக்குத்தான். அதுல பொய் இல்ல. வரச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான் பயந்துட்டேன். கிளம்ப வேண்டிய அன்னைக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்ல. அவன் என் சான்றிதழை எடுத்துச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டான். நான் போறேன், நீ படுன்னான். பன்னெண்டு வருஷம் அங்க அவன்தான் நான். எனக்குக் கடிதாசி எழுதினாக்கூட நான் அவனுக்குத் தம்பியாத்தான் இருக்கணும். மீசைக்கார டாக்டர் முன்னாடி, அந்த டாக்டரம்மா முன்னாடி, ரெண்டு தடவையும் அவன்தான் வந்து சட்டையைக் கழட்டினான். முடிஞ்சதும் தெருமுனையில காத்துக்கிட்டு இருந்த என்கிட்ட இந்தப் புத்தகத்தைக் குடுத்துட்டு, இந்தா, உன் தோள் பத்திரம்னு சொல்லிட்டு லோடு இறக்கப் போயிட்டான்.

பதினொரு மணிக்கு இங்க டாக்டர் மாறுவார்னு விசாரிச்சு வெச்சிருந்தேன். அடுத்து வர்றவர்கிட்ட போய்த் தழும்பு மறைஞ்சு போச்சு சார், வயசாச்சுல்லன்னு சொல்லியிருக்கலாம். பத்தரைக்கு அந்தப் பொண்ணு அறிக்கையைக் காட்டற வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இல்லைன்னு எழுதுங்க. இடது தோளில் தழும்பு இல்லை. என் தோள்ல இல்லைன்னு ஒரு காகிதம் சொன்னாத்தான், அவன் தோள்ல இருந்துச்சுன்னு சொல்ற காகிதத்துக்கு அர்த்தம் வரும். ரெண்டையும் ஒண்ணா வெச்சு அந்தப் பொண்ணு கையில குடுத்துடறேன். என் பென்ஷனா? அது போச்சு. அதுக்கு மேலயும் ஏதாவது வரும். என் வீட்டுல சொல்லல. சாயங்காலம் சொல்லணும். புத்தகத்துல ஒண்ணு இருந்து அலமாரியில இல்லைன்னா, ஸ்டோர் கீப்பரைத்தானே கேப்பாங்க.

திரும்பட்டுமா?

என்ன டாக்டர், விரலை வெச்சு அழுத்தறீங்க? வலிக்குதான்னா?

இல்லீங்க. எனக்கு எப்பவும் வலிச்சதே இல்ல.