இருநூறு லிட்டர் கடல்

செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது. தென்காசியில் பதினெட்டு வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன்; இதைச் சொல்லாமல் ஒரு குடத்தைக்கூட நான் விற்றதில்லை. அடுத்தவர் நன்மையை நினைக்கிறவன் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மனைவி கிருபாவுக்குப் போன வருஷம் கடல்மீன் வளர்க்கும் ஆசை வந்தது. கடலைப் பார்க்கத் தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டிய ஊரில், இருநூறு லிட்டர் கடல் எங்கள் முன்னறையில் வந்து உட்கார்ந்தது. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்தாள். தினமும் எதையோ அளந்து நோட்டில் எழுதினாள். மீனை மட்டும் காணோம்.

"இப்பம் விடப்படாது அத்தான். மொதல்ல தண்ணி பழகணும். ஆறு வாரம் ஆவும்" என்றாள்.

அந்த ஆறு வாரம் எங்கள் இல்லறத்தின் பொற்காலம். வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவளை யார் கேலி செய்யாமல் இருப்பார்கள்? எதிர்வீட்டு சுகிர்தம் அக்கா, "ஏட்டி, உப்புத் தண்ணியவா வளக்க?" என்று கேட்டபோது முதலில் சிரித்தவன் நான். பிறகு கிருபாவை ஆறுதலாகத் தட்டியும் கொடுத்தேன்.

ஏழாவது வாரம் கோமாளி மீன் இரண்டு, நத்தைகள், முதுகில் சிவப்புக் கோடு போட்ட இறால் இரண்டு வந்தன. சாகும் என்று எதிர்பார்த்தேன். சாகவில்லை. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் பேசினார்கள். அவள் இல்லையென்றால், "அப்பம் பொறவு வாரேன் அண்ணாச்சி" என்று வாசலோடு திரும்பினார்கள். என் வீட்டில் நான் இருப்பது ஒருவருக்கும் போதவில்லை.

அதையும் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாலு பேர் வந்திருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்ததால் செம்புக் குடத்தில் கொண்டுவந்தேன், உதவியாக. கிருபா பதறி ஓடி வந்து மறித்தாள்.

"ஐயோ, செம்பு ஆவாது அத்தான். எறாலுக்கும் நத்தைக்கும் அது வெஷம்லா."

"அப்பம் இத்தன நாளும் வெஷத்தையா வித்தீய தம்பி?" என்றாள் சுகிர்தம் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். கிருபாவும் சிரித்தாள்.

அடுத்த மாதம், ஐந்தருவிப் பக்கம் புதிதாகக் கட்டிய விடுதியிலிருந்து மேனேஜர் பேசினார். குற்றாலச் சீசனுக்குள் வரவேற்பறையில் பெரிய கடல்தொட்டி வைக்கிறார்கள். அமைத்துப் பராமரிக்க ஆள் வேண்டும். சனிக்கிழமை வந்து அவள் தொட்டியைப் பார்த்து முடிவு சொல்வார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளுக்கென்று வந்த முதல் வேலை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். கட்டியவள் பெரிய இடத்துக்குப் போய்த் தோற்று அவமானப்படுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. போகாமலே தோற்றால் வீட்டோடு முடிந்துவிடும்.

திங்கட்கிழமை, கடையில் வெட்டி மிஞ்சிய செம்புத் தகட்டுத் துண்டுகளை ஒரு கைப்பிடி எடுத்து வந்தேன். அவள் குளிக்கப் போன நேரத்தில், தொட்டியின் வடிகட்டிப் பஞ்சுக்கு அடியில் செருகினேன். அழுக்குக் கையைத் தொட்டிக்குள் விடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். நன்றாகக் கழுவிவிட்டுத்தான் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. புதன்கிழமை இறால்கள் மல்லாந்தன. ஒன்று இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் கையை விட்டு அதை ஏந்தியபடியே அவள் நின்றாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். செத்தவை அழுகித் தண்ணீர் கெட்டு, வெள்ளிக்கிழமை காலை மீன்களும் மிதந்தன.

"என் கையிலதான் என்னமோ தப்பு அத்தான்" என்று அழுதாள்.

"எல்லாருக்கும் எல்லாம் வராதுல்லா" என்று தலையைத் தடவினேன். அவ்வளவு அன்னியோன்னியமாக நாங்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

மறுநாள் மேனேஜர் வந்தபோது தொட்டியில் வெறும் தண்ணீர். கிருபா அழவில்லை. நோட்டை நீட்டினாள். ஒரு கிண்ணத்தையும் அவர் முன்னால் வைத்தாள். அதில் செம்புத் துண்டுகள். எனக்குத் தெரியாமல் தண்ணீரைச் சோதித்து, பஞ்சையும் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.

"எட்டு மாசமா ஒரு கொறையும் இல்ல சார். இந்த வாரம் செம்பு ஏறியிருக்கு. இது தானா உள்ள வராது" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

அவர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, திங்கட்கிழமையே வந்து சேரச் சொன்னார்.

கொஞ்சம் யோசியுங்கள். எல்லாம் உயிரோடு இருந்திருந்தால் இவள் கெட்டிக்காரத்தனம் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஆமாம், கொன்றது நான்தான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இதை அவளிடம் விளக்கத்தான் நேரம் வாய்க்கவில்லை. இப்போது தன் தம்பி ஜோயல் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறாள். அங்கிருந்து பஸ் வசதி.

போன வாரம் அவளைப் பார்க்க விடுதிக்குப் போயிருந்தேன். வாசல் வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பார்த்தார். அங்கே என் போட்டோ. கிருபா கொடுத்து வைத்திருக்கிறாளாம். உள்ளேதான் விடவில்லை, ஏதோ அவர்கள் நடைமுறை. இந்த ஒன்பது வருஷத்தில் என் போட்டோவை அவள் நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைத்தது இதுதான் முதல் தடவை.