கூனி காயவைக்க ஒரு லைசன்ஸ்

அதில்ல அண்ணன், மகள்ட சாதகக் குறிப்புத் தரமாட்டன் எண்டு நான் சொல்லல்ல. குறிப்பு அலுமாரிக்குள்ளதான் கிடக்கு, அது எங்க ஓடப்போகுது? முதல்ல தேத்தண்ணியக் குடிங்க. கொக்கட்டிச்சோலையில இருந்து இந்த வெயிலுக்குள்ள மோட்டச்சைக்கிள்ள வந்திருக்கிறீங்க. இவர் கோயிலடிக்குப் போயிட்டார். நீங்க வாறீங்க எண்டு தெரிஞ்சுதான் போனார், உண்மையச் சொல்லப்போனா. ஆம்புளையளுக்கு ஒளிக்கிறதுக்கு ஒரு கோயிலாவது இருக்கு. நான் எங்க போறது?

மகள் சிங்கப்பூரில என்ன செய்யிறாள் எண்டு கேட்டீங்க. அதைத்தான் சொல்லவாறன். அதை முழுக்கக் கேட்டாத்தான் மற்றக் கதை விளங்கும். உங்களுக்கு அவசரமில்லையே? நல்லது.

மேனுகா வந்தாறுமூலைக் கம்பசில படிச்சு முடிச்சிட்டு வந்த கையோட சொல்லிப்போட்டாள், அம்மா, நான் அரசாங்க வேலைக்குக் காத்துக்கொண்டிருக்க மாட்டன், கூனி காயவச்சு விக்கப்போறன் எண்டு. ஓம், கூனிதான். நம்மட வாவியில அள்ளுற அந்தப் பொடி இறால். நீங்களும் சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சன். பட்டம் படிச்ச புள்ள கூனிக்காரியோ எண்டு வாயில வந்த மாதிரி ஏசினன். அவள் அசையல்ல. றோட்டோரம் பாயில கொட்டிக் காயவச்சா மண்ணும் சேந்து காயுது, நாயும் நடந்து போகுது. அதையே சுத்தமாச் செஞ்சு பக்கட்டில போட்டா வெளிநாட்டில இருக்கிற நம்மட சனம் அடிபட்டு வாங்கும் எண்டாள். அது சரிதானே? என்ட தம்பி கனடாவில இருந்து வரக்குள்ளெல்லாம் முதல் கேக்கிறது கூனிச் சம்பல்தான்.

டவுனில ஹேர்பர்ட் எண்டு ஒரு பறங்கி ஐயா, இரும்பு வேலைக்கடை வச்சிருக்கிறார், தெரியுமோ? அவர்ட மகன் ரொபின்தான் மெசின் செஞ்சு குடுத்தவன். பெரிய அலுமாரி மாதிரி, உள்ளுக்குத் தட்டுத்தட்டா. விடியக் கூனியப் பரப்பிவச்சா மத்தியானம் மொறுமொறு எண்டு வரும். கெட்டிக்காரப் பொடியன். வாவிக்கரை வளவில கொட்டில் போட்டு, நிலத்துக்கு டைல்ஸ் பதிச்சு, ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருந்தாங்க.

ஓம் ஓம், அந்த வளவுதான். நீங்க மனசுக்க வச்சிருக்கிறதும் அந்த வளவைத்தானே. பறவாயில்ல அண்ணன், அதில வெக்கப்பட என்ன இருக்கு? பொம்புளை கேட்டு வாற ஆக்கள் வீடு வளவும் கேட்டுத்தான் வருவாங்க. அதையும் கதைப்பம்.

எல்லாம் இருந்திச்சு, லைசன்ஸ்தான் இல்ல. அதுக்கு அலைஞ்ச அலைச்சல் இரிக்கே! ரெண்டு வெள்ளாமை வெட்டி முடிஞ்சிது, இவள் அரசாங்கக் கந்தோர் கந்தோராத் திரிஞ்சு முடியல்ல. ஒரு கந்தோரில சொன்னாங்க, சுவரும் வெள்ளையா இரிக்கோணும் எண்டு. வெள்ளையாக்கினம். மலசலகூடம் கிட்டக் கிடக்கு எண்டாங்க. இடிச்சுத் தள்ளிக் கட்டினம். பிறகு, வாவியில இருந்து கொட்டில் எவ்வளவு தூரம் எண்டு அளக்கோணுமாம், அளக்கிறவருக்கு வாகனம் இல்லையாம். நாங்களே ஓட்டோ புடிச்சுக் கூட்டிவந்தம். வந்த மனிசன்ட கையில நாடா இல்ல. ரொபின்தான் அவன்ட நாடாவைக் குடுத்தான். அளந்தார், நல்ல மனிசன், எல்லாம் சரி எண்டார், போனார். அடுத்த கிழமை அவருக்கு இடமாற்றம். புதுசா வந்தவர் சொல்றார், நான் பாக்காத இடத்துக்கு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது? அதுவும் ஞாயம்தான். ஆனா கூனி ஞாயத்தைப் பாத்துக்கொண்டு இரிக்குமோ? ஒரு நாள் வெளிய கிடந்தா நாறிப்போகும்.

அதுக்குப் பிறகுதான் பெரிய பகிடி. மீனுக்குப் பொறுப்பான கந்தோர் சொல்லுது, காஞ்சிட்டா அது சாப்பாட்டுச் சாமான், எங்களுக்குச் சம்பந்தமில்ல எண்டு. சாப்பாட்டுக்குப் பொறுப்பான கந்தோர் சொல்லுது, வாவியில புடிச்சது மீன்தான், அங்க போங்க எண்டு. நான் ஒரு நாள் மகளோட போய் அந்த மேசைக்கு முன்னால நிண்டு கேட்டன், தம்பி, நீங்க ரெண்டு பேரும் ஒருக்காக் கதைச்சு முடிவெடுங்களன், நாங்க வெளிய கிடக்கிற வாங்கில குந்தி இரிக்கிறம் எண்டு. கோவிச்சுக்கொண்டார். கோவிக்க வேண்டிய ஆள் நான்!

உங்கட மகனுக்கும் இதே கதைதானாம். எனக்குச் சொன்னாங்க. உதயரூபன் கோழிப் பண்ணை போட்டு, கடிதத்துக்கு மேல கடிதம் குடுத்து, கடைசியா கூட்டை வித்துப்போட்டு இப்ப வேலைக்குப் போகக் கொரியா பாசை படிக்கிறானாம். தெரியும் அண்ணன். அதுக்குத்தான் கெதியாக் கலியாணத்தைக் கட்டிவச்சா இஞ்ச நிப்பான் எண்டு பாக்கிறீங்க. தாய் தகப்பன் எல்லாருக்கும் அதே புத்திதான்.

சிங்கப்பூரில எப்பிடி எண்டு கேளுங்க. மேனுகாவோட படிச்ச நிஸ்றா எண்டு ஒரு புள்ள, காத்தான்குடிப் புள்ள, கலியாணம் முடிச்சு அங்கதான் இரிக்கிறாள். அவள்தான் விசா எடுத்துக் கூப்பிட்டவள். அவள்ட பேரிலதான் கூனிக் கம்பனி. வீட்டுக் கதிரையில இருந்து கொண்டு கொம்பியூட்டரில பதிஞ்சாளாம். கறி அடுப்பில கிடக்கக்குள்ளயாம். இறக்கிவைக்க முதல் கம்பனி பிறந்திட்டுது எண்டு மேனுகா போனில சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரல்ல, எரிஞ்சுது. இஞ்ச என்ட புள்ள செருப்புத் தேயத் தேய நடந்தாளே!

இல்லையில்ல, சட்டம் இல்லாம இல்ல. இஞ்சயவிட அங்க கூட. தலைமயிர் ஒண்டு பக்கட்டுக்குள்ள போனாலும் விடமாட்டானாம். தம்பியும் அதைத்தான் சொல்றவன். கனடாவில அவன் இடியப்பக் கடை துறந்தது லேசா, ஆனா ஒரு நாள் சுகாதாரக்காரன் சொல்லாமக் கொள்ளாம வந்து குளிர்ப்பெட்டியத் துறந்து பாத்திட்டுக் கதவில கடதாசி ஒட்டிட்டுப் போயிட்டானாம். எல்லாம் கழுவித் துடைச்சுக் காட்டின பிறகுதான் திரும்பத் துறக்கவிட்டது. அது சரி அண்ணன். பிழை விட்டா அடி. தொடங்க முதலே ஏன் கையக் கட்டுறீங்க? அங்க என்ன வேணும் எண்டு முதலே எழுதிப் போட்டிருக்காம், எழுதினதுக்கு மேல ஒண்டும் கேக்கமாட்டானாம். ஆரையும் போய்ப் பாக்கத் தேவையில்ல. இஞ்ச ஆளைப் பாக்காம ஒண்டும் நடக்காது. பாக்கப்போனா ஆள் இல்ல.

இஞ்ச ரெண்டு கந்தோரும் ஒரு மாதிரி ஒத்துக்கொண்டு, எல்லாத்தையும் முடிச்சுக் கடைசியா ஒண்டு கேட்டாங்க, அதையும் சொல்லோணும். வளவு அவள்ட பேரில இரிக்கோணுமாம். இல்லாட்டி வளவுக்காரர் குத்தகை எழுதிக் குடுக்கோணுமாம்.

வளவு ஆர்ர பேரில எண்டா? என்ட பேரிலதான். என்ட அம்மா எனக்குத் தந்த சீதனம். அவக்கு அவட அம்மா குடுத்தது. உங்களுக்குத் தெரியாததா, நம்மட பக்கத்தில வீடு வளவு பொம்புளைப் புள்ளைக்குத்தானே. மேனுகாவுக்குத்தான் அது, அவள் பிறந்த அண்டைக்கே அவளுக்குத்தான். ஆனா கலியாணத்தில எழுதுறது. மணவறையில இருந்து எழும்பினாத்தான் காணி உறுதி கைக்கு வரும். கூனிக்கெண்டு எழுதுறதா? கந்தோரில ஒருத்தன் கேட்டான் எண்டு எழுதுறதா? எங்கட பரம்பரையில ஒருத்தியும் அப்பிடி எழுதினதில்ல.

அவளும் சொன்னாள், சரி அம்மா, உறுதி வேணாம், குத்தகையாவது எழுதித் தாங்க எண்டு. பெத்த புள்ளைக்கு, அவள்ட சீதன வளவைக் குத்தகைக்குக் குடுக்கிறதா அண்ணன்? ஊர் சிரிக்காதா? இரத்தினம்மா மகளிட்டக் குத்தகை வாங்கிறாள் எண்டு கதைக்கமாட்டாங்களா? நான் எழுதமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். கலியாணத்தை முடி, அடுத்த நாளே எழுதித் தாறன் எண்டன். அவள் அதுக்குப் பிறகு கொட்டிலைப் பூட்டினாள். ரொபின் ஏற்கனவே கப்பல் கட்டுற இடத்தில வெல்டிங் வேலைக்கெண்டு சிங்கப்பூர் போயிட்டான். பின்னால இவளும் நிஸ்றாட்டப் போனாள்.

நான் செஞ்சது பிழையோ? நீங்களே சொல்லுங்க. இல்ல, தலையாட்டாமச் சொல்லுங்க. சரி, விடுங்க.

அங்க நல்லாத்தான் போகுதாம். ஆனா ஒரு குறை. அங்க கிடைக்கிறது தாய்லாந்துக் கூனியாம். கூனி எண்டு பேர்தான், நம்மட வாவிக் கூனிட மணம் வருதில்லையாம். சமைச்சா சனம் கண்டுபுடிச்சிருமாம். எல்லாச் சட்டமும் சரியா இரிக்கிற ஊரில கூனி சரியில்ல, கூனி இரிக்கிற ஊரில சட்டம் சரியில்ல எண்டு போனில கத்துறாள். நான் என்ன செய்ய? எனக்கு இரிக்கிறது அந்த ஒத்தப் புள்ள. ராவைக்குச் சோத்துக்கு முன்னால இருந்தா இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வீடு ஓவெண்டு கிடக்கு. எனக்கு என்ட புள்ள வேணும் அண்ணன். கூனியோட வந்தாலும் சரி, வெறுங்கையோட வந்தாலும் சரி.

அதுக்குத்தான் நீங்க கலியாணம் கேட்டு ஆள் அனுப்பினதும் எனக்குச் சந்தோசம் தாங்க முடியல்ல. உங்கட குடியும் எங்கட குடியும் கலியாணம் முடிக்கிற குடி. நல்ல பொடியன். கட்டிவச்சா ஊரில நிப்பான். நேத்து மத்தியானமே போன் எடுத்துச் சொன்னன், புள்ள, கந்தப்போடி அண்ணன் நாளைக்கு வாறார், வந்து கலியாணத்தை முடி, உறுதியும் கையில, கொட்டிலும் கையில, லைசன்ஸும் வரும் எண்டு. பட்டியல் போட்ட மாதிரிச் சொன்னன்.

அவள் பிறகு கேட்டாள், அம்மா, கலியாணம் முடிச்சா எழுதுவன் எண்டுதானே சொன்னீங்க? ஓம் எண்டன். ஆரை முடிச்சா எண்டு சொல்லல்லத்தானே? இல்ல எண்டன். அப்ப எழுதுங்க, முடிச்சிட்டன் எண்டாள்.

இருங்க அண்ணன், எழும்பாதீங்க. ரொபினைத்தான். போன மாசமாம். அதுக்கும் கொம்பியூட்டரிலதான் பதிஞ்சாங்களாம், பிறகு ஒரு நாள் போய்க் கையெழுத்து. நிஸ்றாவும் புருசனும் சாட்சி. ஒருத்தரும் என்ன குடி, என்ன கோயில் எண்டு கேக்கல்லையாம். கம்பனி மாதிரியே லேசா முடிஞ்சிட்டுதாம்.

கத்தினன். போனை வச்சன். இவர் ஏசுவார் எண்டு பாத்தன். அந்தப் பொடியன் நாடா குடுத்தானே எண்டு மட்டும் சொன்னார். பின்னேரம் திரும்ப நானே எடுத்தன். அவள் அழுதாள். எழுதுங்க அம்மா, லைசன்ஸ் கிடைச்சா ரெண்டு பேரும் வந்திருவம், இஞ்ச எல்லாம் லேசு, ஆனா இது நம்மட ஊரில்லையே எண்டாள். மருமகனும் கதைச்சான். அன்ட்டி, மெசினுக்குக் கிறீஸ் பூசி வைங்க, துருப்புடிக்கும் எண்டான். என்ன செய்ய, அன்ட்டி எண்டுதான் கூப்பிடுறான்.

சொன்ன சொல் சொன்னதுதானே அண்ணன். மணவறை இல்ல, மேளம் இல்ல, ஆனா கலியாணம் கலியாணம்தான். காலையில உறுதி எழுதுற நொத்தாரிசு ஐயாட்டக் கேட்டன். மகள் வந்து நிக்கத் தேவையில்லையாம், அவளுக்காகத் தகப்பன் ஏத்துக்கொள்ளலாமாம். ஆனா ரெண்டு சாட்சி வேணும், என்னைத் தெரிஞ்ச ஆக்கள். பக்கத்து வீட்டுச் சுலோஜனா வாறன் எண்டிட்டாள். என்ட கூடப்பிறந்தவங்களக் கேட்டன், பறங்கிக்கு வளவு எழுத நாங்க சாட்சியோ எண்டு மூஞ்சையத் திருப்பிட்டாங்க. இனி ஆரிட்டக் கேக்க?

பொம்புளை கேட்டு வந்த மனிசனிட்ட இதைக் கேக்கிறது மரியாதையில்ல, எனக்குத் தெரியும். குறிப்பக் கேட்டீங்க, நான் இதைக் கேக்கிறன். உங்கட மகன் கொரியாவுக்குப் போய்ட்டுத் திரும்பி வரோணும் எண்டு நீங்களும் ஒரு நாள் ஆரிட்டயாவது போய் நிப்பீங்க. எனக்கு அவள் வரோணும். ஒரு கையெழுத்துத்தான் அண்ணன்.

நாளைக்குத்தான். ஒம்பது மணிக்கு. இல்ல, டவுனுக்குப் போகத் தேவையில்ல, இஞ்ச மண்டூர்ச் சந்தியிலதான் அவர்ட கந்தோர். அடையாள அட்டையைக் கொண்டு வாங்க, அது இல்லாட்டி இன்னொரு நாள் வரச் சொல்லுவார்.