எரிக்கச் சொன்னவரும் எரித்தவரும்

அவைத்தலைவர் தம்புசாமி அவர்களே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெரியோர்களே, ஜப்பான்காரன் காலத்திலும் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் போட்டு எங்கள் உயிர் காத்த தாய்மார்களே, வணக்கம்!

நான் வக்கீல். இன்று வாழ்த்திப் பேச வரவில்லை. வயிறெரிந்து பேச வந்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் நெருங்கிய நேரம். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை, ரப்பர் ஸ்டோர் காவலாளி ரெங்கசாமியை அழைத்தார். "எதிரி கையில் ஒரு துண்டு ரப்பர்கூடச் சிக்கக்கூடாது. கொளுத்து!" என்றார். காரில் ஏறினார், பறந்தார். ரெங்கசாமி கொளுத்தினார். வந்த ஜப்பான்காரன் "ரப்பர் எங்கே?" என்று கேட்டான், அடித்தான், சிறையில் அடைத்தான். போர் முடிந்து, எலும்பும் தோலுமாய் ரெங்கசாமி வீடு திரும்பினார். துரையும் திரும்பினார். திரும்பியவர் நன்றி சொன்னாரா? நலம் கேட்டாரா? தீ வைத்தான் என்று வழக்குப் போட்டார்!

பின்னால் ஒருவர் கேட்கிறார்: "அவருதானே, வக்கீல் ஐயா, கொளுத்தச் சொன்னாரு?" அதைத்தான் ஐயா நானும் கோர்ட்டில் கேட்டேன்! துரை சொல்கிறார், "ரப்பரை எரிக்கச் சொன்னேன், கட்டடத்தை எரிக்கச் சொல்லவில்லை." கூரை வரை அடுக்கிய ரப்பரைக் கொளுத்த வேண்டுமாம், கூரையில் கரி படக்கூடாதாம்!

சிரிக்காதீர்கள். கட்டடத்துக்குத் தீ வைத்தால் சட்டம் விளையாடாது, ஆண்டுக்கணக்கில் சிறை. ஆனால் அதே சட்டம் காப்பும் தருகிறது. கெடுக்கும் எண்ணம் இருந்ததா என்று கேட்கிறது. உடையவர் சம்மதித்தாரா என்று கேட்கிறது. கேட்கிற சட்டத்துக்குப் பதில் சொல்ல வாய் வேண்டாமா?

துரை கட்டளையிட்டபோது தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனமே நின்று கேட்டது. ரெங்கசாமியின் மனைவி மாரியாயி சாட்சி சொல்ல ஆள் தேடிக் கதவு கதவாகத் தட்டினார். "எனக்கேன் வம்பு?" "வேலைய நிறுத்திருவாரு தாயி." வந்தவர் யார்? அன்று அங்கே துணி விற்கப் போயிருந்த ஜெய்னுதீன் ஒருவர்தாம்! கூண்டிலேறிச் சொன்னார்: "'ஸ்டோரோட சேத்துக் கொளுத்து'ன்னு தொரை சொன்னத இந்தக் காதால கேட்டேன்." ரெங்கசாமி விடுதலையானார். ஜெய்னுதீன் இனி அந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது.

கைதட்டுகிறீர்களா? வேண்டாம்! ஜப்பான்காரனுக்கு அஞ்சினீர்கள், பொறுத்தேன். இன்னும் யாருக்கு அஞ்சுகிறீர்கள்? காஜாங் அய்யாவு இதே குற்றச்சாட்டில் சிறையில் கிடக்கிறார். அவருடைய துரை இட்ட கட்டளையைக் காதால் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். யார் வருவீர்கள்? ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்?

அதோ, ஓர் அம்மா எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் அம்மா!

"சீதாலெட்சுமிங்க. அன்னிக்கு ரப்பர் பால் கொடுக்க ஸ்டோர் வாசல்ல நின்னேன். தொரை சொன்னது கேட்டுச்சு. நான் வரேன்."

கணவர் சேலையைப் பிடித்து இழுக்கிறார். விடுங்கள் ஐயா!

"நீங்களுந்தான் கேட்டீங்க. எந்திரிங்க" என்கிறார் அம்மா.

கணவரும் எழுந்துவிட்டார்!

நன்றி, தாயே. வேறெவருக்கும் இன்று நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. வணக்கம்.