திறந்த வாய்க்கு ஒரு கரண்டி

காபி ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது, டாக்டர் நஞ்சுண்டசாமி. நீங்களும் குடித்துவிடுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

என் அகத்துக்காரர், வக்கீல் கேசவமூர்த்தியை மைசூர் கோர்ட்டில் தெரியாதவர் கிடையாது. குரல் அப்படி. கோர்ட்டு சாயங்காலம் கலைந்துவிடும், வீடு கலையாதே. ரசத்தில் உப்பு ஏன் தூக்கல், ஜட்காக்காரனிடம் ஏன் சிரித்துப் பேசினாய், பாசுரத்தில் அந்தச் சொல்லை ஏன் விழுங்கினாய் என்று குறுக்கு விசாரணை நடக்கும். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. நல்ல மனிதர். நான் தொடங்கிய பேச்சை நானே முடித்ததாகத்தான் ஞாபகம் இல்லை.

போன தசராவுக்குச் சற்று முன்னால், கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் அறுத்துப் போட்ட கொடி மாதிரி துவண்டு கிடந்தன. என்னை 'யதுகிரி' என்று கூப்பிடப் பார்த்தார், காற்றுதான் வந்தது. அவரைத் தூணில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தேன். காபி அப்போதுதான் கலந்திருந்தது. உட்கார்ந்து சூடாகக் குடித்தேன். டம்ளரை அலம்பிக் கவிழ்த்த பிறகு உங்களுக்கு ஆள் அனுப்பினேன். உடனே அனுப்பியதாக அன்று சொன்னேன். ஏறக்குறைய உடனேதான்.

நீங்கள் வந்து பக்கவாதம் என்றீர்கள். தலையை உயர்த்திப் படுக்கவைத்து ஐஸ் வைத்தீர்கள். விழுங்க வருகிறவரை வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றீர்கள். அத்தனையும் செய்தேன். முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை, இன்று நீங்களே பார்த்தீர்கள்.

பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததும் அடுத்த பாடம் சொன்னீர்கள். கையைத் தினமும் விரித்து மடக்க வேண்டும், அவரால் முடிந்ததை நாம் செய்யக்கூடாது, பேச்சை விடாமல் பழக்க வேண்டும். "முதல் சில மாசந்தாம்மா முக்கியம். இப்ப விட்டுட்டா அப்புறம் திரும்பாது" என்றீர்கள். நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன். திரும்பாது என்ற சொல்லை அடுப்படியில் நின்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

தசரா வந்தது. பக்கத்து அகத்து லக்ஷ்மம்மாவை அவருக்குத் துணை வைத்துவிட்டு அரண்மனை விளக்கு பார்க்கப் போனேன். பேண்டு வாசித்தார்கள். வறுத்த கடலை வாங்கி நடந்துகொண்டே தின்றேன். ஏன் இத்தனை நேரம் என்று கேட்க ஆளில்லை.

பிறகு உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஜடையனை அனுப்பினீர்கள். கொள்ளேகால் பக்கத்து ஆள், கை நல்ல உரம். எண்ணெய் போட்டு நீவி, தோள் கொடுத்து, ஒரு நாள் அவரை எழுப்பியே விட்டான். "அம்மிணி, வந்து பாருங்க. சாமி நின்னுட்டாருங்க" என்று கூப்பிட்டான். போனேன். நின்றுகொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்து, வாய் கோண, "யது... உப்பு..." என்றார்.

அன்றைக்கே, டாக்டர் போதுமென்று சொல்லிவிட்டார் என்று ஜடையனைத் திருப்பி அனுப்பினேன். உங்களுக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மருமான் வீட்டுக்குப் போயிருக்கிறார், நன்றாக நடக்கிறார் என்று சொல்லியனுப்பினேன். நீங்கள் சந்தோஷப்பட்டதாகக் கேள்வி.

அப்புறம் எல்லாம் சுலபம். வாய் திறந்தால் ஒரு கரண்டி ரவைக் கஞ்சி. வாய் நிறைய இருந்தால் பேச்சு எங்கே வரும்? வலது விரல் அசையத் தொடங்கியது. குளிர் தாக்குமென்று கையை மார்போடு சேர்த்துக் கம்பளித் துணியால் கட்டிவிட்டேன். என்னைக் கூப்பிட இடது கைக்கு எட்டும்படி நீங்கள் வைத்த மணியை எடுத்து அலமாரியில் வைத்தேன். ஓயாமல் அடித்தால் அவருக்குத்தானே அலுப்பு. நாளாவட்டத்தில் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகின. குத்தக்கூடாதே என்று நகத்தை மட்டும் தவறாமல் வெட்டினேன்.

அதற்குப் பிறகு எத்தனை இனிமையான மனிதர் ஆகிவிட்டார் தெரியுமா? நான் பேசுவேன், கடைசிவரை கேட்பார். சில சமயம் கண்ணில் நீர் வழியும். இந்த வயதில் வாய்த்த அன்யோன்யம்.

இன்று இந்த வழியாகப் போன ஜடையன் ஜன்னலில் அவரைப் பார்த்துவிட்டு உங்களிடம் ஓடியிருக்கிறான். வந்தீர்கள். கட்டை அவிழ்த்தீர்கள். கையை விரிக்கப் பார்த்தீர்கள், வரவில்லை. அவர் காதருகே குனிந்து, "என்ன வேணும் சாமி? மெதுவா சொல்லுங்க" என்றீர்கள். வெகு நேரம் முயன்றார். நான் கரண்டியை எடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இவ... வேண்டாம்" என்றார்.

ஆமாம், நான்தான். திரும்பியிருக்க வேண்டிய கையையும் பேச்சையும் திரும்பவிடாமல் செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதானாலும் கொண்டுபோங்கள். ஆனால் அவர் சொன்னதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தமிழ் நன்றாகவே பேசுகிறீர்கள். இருந்தாலும் கன்னடக்காரர், எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்கப் பிடிபடாது. வராத நாக்கு அல்லவா, நடுவில் இரண்டு வார்த்தை விழுந்துவிட்டது. 'இவ இல்லாம எதுவும் வேண்டாம்' என்றுதான் சொன்னார்.