மைத்துனர் பெயரில் நான் இட்ட ஒப்பம்

என் பெயர் ஞானரட்ணம் அருளானந்தன். வயது ஐம்பது. ஒஸ்லோ மாநகரின் ஹவுகெட்டோவில் மனைவி மயூராவுடன் வசித்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, துரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று, கடந்த இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கட்டடங்களின் மின்தூக்கிகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கும் தொழிலைச் செய்கிறேன். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி பார்படோஸ் தீவின் பொலிஸாரிடம் நான் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு கூற்றுகள் பொய்யானவை. அவற்றைத் திருத்துவதற்காக இன்று, மார்ச் 18ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, எவரும் அழைக்காமல் நானாகவே ஒஸ்லோவின் இப்பொலிஸ் நிலையத்துக்கு வந்துள்ளேன். பேசாதிருக்க எனக்குள்ள உரிமையையும், பொய்ச் சாட்சியத்துக்காக என்மீது வழக்குத் தொடரப்படலாம் என்பதையும் அலுவலர் விளங்கப்படுத்தினார். நோர்வேஜிய மொழி எனக்கு நன்கு தெரியும். எனினும் இவ்விடயத்தில் முக்கியமான சொற்கள் தமிழில் பேசப்பட்டவை என்பதால், தமிழிலேயே பதிவு செய்யும்படி கேட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முன்னிலையில் இதனைச் சொல்கிறேன்.

இறந்தவர் என் தங்கை மங்களேஸ்வரியின் கணவர் இரவீந்திரன். வயது ஐம்பத்து நான்கு. லில்லெஸ்ட்ரோமில் வசித்தவர், பேருந்துச் சாரதி. மயிலிட்டிக் கடற்கரையில் வளர்ந்தவர் என்பதால் நன்றாக நீந்துவார். நோர்வேஜிய மொழியைச் சரளமாகப் பேசுவார். ஆங்கிலம் அவருக்குச் சில சொற்கள் அளவிலேயே தெரியும்.

எங்கள் குடும்பத்தில் படிவங்களை நிரப்புவது என் பொறுப்பு. எங்களவர் ‘ஷேமா’ என்று நோர்வேஜியச் சொல்லாலேயே குறிப்பிடும் அத்தனை படிவங்களையும், பாடசாலை, வரி, வீடு, வைத்தியசாலை எதுவாயினும், தங்கை குடும்பத்துக்கு நானே நிரப்பி வந்தேன். ஒப்பமிட வேண்டிய இடத்தில் இரவீந்திரனின் பெயரையும் அவர் சம்மதத்துடன் நானே இட்டு வந்தேன். இது பிழையென்று எங்களில் எவரும் ஒருநாளும் எண்ணியதில்லை. என் தொழிலில் நான் பார்த்துச் சோதிக்காத எதற்கும் ஒப்பமிட்டதில்லை. வீட்டில் அந்த விதியை நான் கைக்கொள்ளவில்லை.

ஆண்டின் எட்டாம் வாரத்தில் வரும் குளிர்கால விடுமுறைக்கு நாங்கள் ஐந்து பேர் பார்படோஸ் சென்றோம். நானும் என் மனைவியும், இரவீந்திரனும் மங்களேஸ்வரியும், அவர்களின் ஒரே மகள் கம்சிகாவும். கம்சிகாவுக்கு வயது இருபது, தாதியர் கல்வி பயில்கிறார். 19ஆம் திகதி புதன்கிழமை, சுவாசக்குழாயும் முகக்கண்ணாடியும் அணிந்து கடலின் மேல் மிதந்தபடி ஆமைகளைப் பார்க்கும் படகுப் பயணம் ஒன்றுக்கு முன்பதிவு செய்திருந்தோம். அதற்கான படிவங்கள் ஆளுக்கொன்றாக ஐந்து இருந்தன. அன்று காலை ஏழரை மணியளவில் விடுதியின் உணவு மேசையில் அவற்றை நான் நிரப்பினேன். வேறெவரும் அவற்றை வாசிக்கவில்லை.

நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது தங்கை இரண்டு குளிசைகளை இரவீந்திரனின் கோப்பையருகே வைத்து, “இஞ்சேருங்கோ, இதைப் போட்டிட்டு எழும்புங்கோ, பிறகு ஆமையைக் கண்டால் என்னையே மறந்துபோடுவியள்” என்றார். அதற்கு இரவீந்திரன், “பிரஷர் குளிசை போடாட்டி எங்கட ஆக்களெண்டே ஒருத்தரும் நம்பமாட்டினம்” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்நேரம் என் பேனை அவருடைய படிவத்தின் நான்காம் கேள்வியில் இருந்தது. இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் உண்டா என்பது அக்கேள்வி. அதனை நான் முழுமையாக வாசித்தேன். வாசித்த பின்னரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன்.

ஏன் என்று அலுவலர் கேட்டார். இரத்த அழுத்தத்தையும் சீனி எனும் நீரிழிவையும் எங்களவர் நோய் என்று கணக்கில் எடுப்பதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அவை இருப்பதுதான் இயல்பு என்று கருதுகிறோம். ஆம் என்று எழுதினால் மிதவை அங்கி அணிந்து, படகின் ஏணிக்கருகிலேயே வழிகாட்டியின் பார்வையில் நிற்க வேண்டும் என்று அப்படிவத்தின் கீழ்ப்பகுதியில் எழுதியிருந்தது. அதையும் வாசித்தேன். அவருடைய நாள் கெட்டுவிடக் கூடாது என்று எண்ணினேன். அதன் பின்னர் ஐந்து படிவங்களிலும் ஒப்பமிட்டேன். என்னுடையதில் என் பெயரையும், மற்ற நான்கில் அவரவர் பெயரையும் இட்டேன்.

அதன் பின்னர் ஒன்பது மணியளவில் படகுத்துறைக்குச் சென்றோம். எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டியின் பெயர் மார்சியா பிறத்வெயிற், வயது முப்பத்தொன்று. அவர் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இரவீந்திரனுடையதில் நான்காம் கேள்வியின்மீது விரலை வைத்து, அவர் முகத்தைப் பார்த்து, ஏதேனும் நோயோ மருந்தோ உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்நேரம் தங்கையும் மயூராவும் கம்சிகாவும் படகில் ஏறிவிட்டிருந்தனர். நாங்கள் இருவரும் மட்டுமே துறையில் நின்றோம். எல்லோரும் நலமென்று வழிகாட்டியிடம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். “என்னவாம் மச்சான், உந்தப் பிள்ளை என்ரை முகத்தைப் பாத்துக் கேக்குது?” என்று இரவீந்திரன் கேட்டார். “ஒண்டுமில்லை, எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். நான் சொல்லிப்போட்டன்” என்றேன். “நீ சொல்லிப்போட்டாய் எண்டால் சரி” என்றார். அதன் பின்னர் வழிகாட்டி அவருக்கு மிதவை அங்கி ஒன்றை நீட்டினார். அவர் சிரித்துத் தலையை அசைத்தார். நோயில்லை என்று படிவம் சொன்னதால் வழிகாட்டி வற்புறுத்தவில்லை; முதலாவது இடத்தில் அவர் நீந்துவதைப் பார்த்த பின்னர் மீண்டும் கேட்கவுமில்லை.

முதலாவது இடம் ஒரு பழைய கப்பலின் சிதைவு. அங்கு அரைமணி நேரம் இருந்தோம். இரவீந்திரன் தலையைத் தூக்கும் போதெல்லாம் கண்ட மீன்களின் பெயர்களைச் சொன்னார். ஒட்டி, விளை, ஊழி, திருக்கை என்று எங்கள் ஊர்ப் பெயர்களையே அந்தக் கடலின் மீன்களுக்கும் வைத்தார். “கறிச்சட்டியிலை கண்ட ஆக்களெல்லாம் உயிரோடை வந்து சுகம் விசாரிக்கினம் மச்சான்” என்றார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பல ஆண்டுகளாகக் காணவில்லை.

அதன் பின்னர் பத்து நாற்பதுக்கு இரண்டாவது இடத்தில் நங்கூரமிட்டனர். அங்கே கடற்புல் மேயும் ஆமைகள் உள்ளன. இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டி அறிவுறுத்தி, என்னையும் இரவீந்திரனையும் ஒரு சோடியாக்கி, நீச்சல் போதாத பெண்கள் மூவருடன் தாம் ஏணிக்கருகில் நின்றார். பதினொரு மணி கடந்து பெரிய ஆமையொன்று எங்களுக்குக் கீழே வந்து புல்லை மேயத் தொடங்கியது. நீரின் ஆழம் மூன்று மீற்றருக்கு மேல் இராது. இரவீந்திரன் அதற்கு நேர் மேலே முகத்தைத் தாழ்த்தி, கைகளை விரித்து, அசையாது மிதந்தார். ஆமையைக் கலைத்துவிடக் கூடாதென்று அவ்வாறு மிதக்கிறார் என எண்ணினேன். அவரையும் ஆமையையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். அதன் நேரம் 11.06 என்று பதிவாகியுள்ளது. அதன் பின்னர் திருக்கையொன்றைக் கண்டு அதன் பின்னால் சுமார் பதினைந்து மீற்றர் சென்றேன். திரும்பி வந்தபோது அவர் அதே நிலையில் இருந்தார். அவ்வேளை ஆமை மூச்செடுப்பதற்காக மேலெழுந்து வந்தது. அவருடைய விரித்த கைக்கருகே தலையை நீட்டி மூச்செடுத்தது. அதன் ஓடு அவர் மணிக்கட்டில் உரசி, கையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. கை தள்ளப்பட்ட இடத்திலேயே நின்றது. அப்போதுதான் அறிந்தேன். நேரம் 11.12.

நான் கத்தினேன். வழிகாட்டி நீந்தி வந்து அவரைப் படகுக்குக் கொண்டுசென்று, மார்பை அழுத்தி உயிர்காக்க முயன்றார். துறையை அடையும்வரை முப்பத்து நான்கு நிமிடங்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அழுத்தத்தையும் உரத்து எண்ணினார். கம்சிகா மறுபக்கம் முழந்தாளிட்டு மூச்சுக் கொடுத்தார். படகின் தளம் சொரசொரப்பானது. துறையில் வழிகாட்டி எழுந்து நின்றபோது அவருடைய இரு முழங்கால்களிலும் தோல் இருக்கவில்லை. துறையில் காத்திருந்த வைத்தியர் மரணத்தை உறுதிப்படுத்தினார்.

அதன் பின்னர் பிற்பகலில் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டோம். அலுவலரின் அறைக்கு வெளியே வாங்கில் அமர்ந்திருந்தபோது தங்கை என் கையைப் பிடித்து, “அண்ணா, அவள் ஒண்டும் கேக்கேல்லைத்தானே? கேட்டிருந்தால் இவர் குளிசை போடுறதைச் சொல்லியிருப்பாரே” என்றார். “கேக்கேல்லை” என்று நான் சொன்னேன். அதன் பின்னர் அறைக்குள் அலுவலர் கேட்டபோதும் அதையே சொன்னேன். வழிகாட்டி உடல்நிலை பற்றி எதுவும் கேட்கவில்லை என்றும், எந்தப் படிவத்தையும் நான் காணவில்லை என்றும் என் வாக்குமூலத்தில் உள்ளது. இவ்விரண்டுமே பொய்.

உடல் மார்ச் 4ஆம் திகதி ஒஸ்லோ வந்தது. 8ஆம் திகதி தகனம் நடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை இம்மாதம் 21ஆம் திகதி. அன்றைக்கு வழங்குவதற்கான நினைவு மலரை எழுதும் பொறுப்பையும் என்னிடமே தந்தனர். இறந்தவரின் தம்பி லதீசன், “அண்ணையைச் சாகடிச்சது படகுக்காரரின்ரை கவனயீனம் எண்டு எழுதுங்கோ, சும்மா இறைவனடி சேர்ந்தார் எண்டு பூசி மெழுகாதேங்கோ” என்று கேட்டுக்கொண்டார். நான் அவ்வாறே எழுதினேன்.

15ஆம் திகதி சனிக்கிழமை மதியம், அச்சுக்கு முன் மலரைச் சரிபார்ப்பதற்காக லில்லெஸ்ட்ரோமிலுள்ள தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். கம்சிகா என்னைக் குசினிக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தாயாருக்குத் தீவின் பொலிஸார் அனுப்பி, அவர் இன்னும் வாசித்திராத மின்னஞ்சலைக் காட்டினார். இரவீந்திரனின் படிவத்தின் பிரதி அதில் இருந்தது. அதிலுள்ள ஒப்பம் கடவுச்சீட்டிலுள்ள ஒப்பத்துடன் பொருந்தவில்லை என்றும், மரணத்தின் பின்னர் தம்மைக் காத்துக்கொள்ள வழிகாட்டியே அப்படிவத்தைத் தயாரித்தார் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டுள்ளதாகவும், மார்ச் 25ஆம் திகதி அவர் நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

“ஆரோ போட்டிருக்கலாம்” என்றேன்.

“மாமா, பாலர் பள்ளியிலையிருந்து என்ரை ஷேமா எல்லாத்திலையும் அப்பான்ரை பேர் இந்த எழுத்திலைதான் இருக்கு. எனக்குத் தெரியாதே?” என்றார்.

மலர் அச்சுக்குப் போகட்டும், அந்தியேட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொன்னேன்.

“இருபத்தஞ்சாம் திகதி அவவுக்குக் கோட்டிலை வழக்கு. உங்கட பிறகு எப்ப மாமா?” என்றார். “என்ரை வாயாலை அப்பாக்கு மூச்சுக் குடுக்கேக்கை அவ என்னைப் பாத்து, நிப்பாட்டாதை, நிப்பாட்டாதை எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ. அம்மாக்கு நான் சொல்லமாட்டன். அது உங்கட வேலை” என்று கூறிக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே தங்கை மலரின் அட்டைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிறம் சற்று மங்கலாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

நேற்றுத் திங்கட்கிழமை, பாடசாலை ஒன்றின் மின்தூக்கியைப் பரிசோதித்தேன். குறை எதுவும் இருக்கவில்லை. எனினும் சான்றிதழில் ஒப்பமிட முடியாமல் அதனை வேறொரு பரிசோதகரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன். இன்று காலை அச்சகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து மலரை நிறுத்தும்படி சொல்லிவிட்டு இங்கு வந்தேன்.

ஆகவே நான் தெளிவாகச் சொல்வது: மார்சியா பிறத்வெயிற் கேட்க வேண்டியதைக் கேட்டார். எழுத்திலும் கேட்டார், வாயாலும் கேட்டார். படிவம் உண்மையானது. அதிலுள்ள அடையாளமும் ஒப்பமும் என் கையால் இடப்பட்டவை. இரவீந்திரனுக்கு அக்கேள்வி போய்ச்சேராமல் தடுத்தவன் நான். சோடியாக நிற்க வேண்டிய இடத்தை விட்டு விலகியவனும் நானே. ஒப்பிடுவதற்காக என் கையெழுத்தின் ஆறு மாதிரிகளையும், 11.06க்கு எடுத்த படத்தையும் அலுவலரிடம் ஒப்படைத்துள்ளேன். இவற்றை 25ஆம் திகதிக்கு முன் அத்தீவின் பொலிஸாருக்கு அனுப்பிவைக்கும்படி வேண்டுகிறேன்.

இப்பதிவு எனக்கு வரிவரியாக வாசித்துக் காட்டப்பட்டது. ‘இல்லை’ என்று அடையாளமிட்டேன் என்பதற்கு முன் மொழிபெயர்ப்பாளர் ‘தவறுதலாக’ என்ற சொல்லைச் சேர்த்திருந்தார். அதனை நீக்கும்படி கேட்டேன், நீக்கப்பட்டது. எஞ்சியவை நான் செய்ததற்கும் கண்டதற்கும் கேட்டதற்கும் மாறுபடவில்லை என உறுதி கூறி, என் சொந்தப் பெயரில் ஒப்பமிடுகிறேன்.

ஞா. அருளானந்தன்
ஒஸ்லோ, 18.03.2025, பி.ப. 1.40

இங்கிருந்து நான் வீட்டுக்குச் செல்லப்போவதில்லை. அடுத்த புகையிரதத்தில் லில்லெஸ்ட்ரோம் சென்று, இதன் பிரதி தபாலில் போய்ச்சேர முன், இரவீந்திரனிடம் கேட்கப்பட்டது என்பதை என் தங்கையிடம் நானே சொல்வேன். அந்தியேட்டிக்கு வரவேண்டாம் என்று அவர் சொன்னால் வரமாட்டேன். 23ஆம் திகதி விமானத்தில் பார்படோஸ் சென்று, 25ஆம் திகதி காலை அந்நீதிமன்றத்தில், அந்தப் பெண்ணுக்கு முன்னால் எழுந்து நின்று இதையே திரும்பவும் சொல்வேன்.