ஆறை அரையால் வகுத்தால்

அம்மா: அப்போ பச்சை அட்டைப் புத்தகம்தான். முடிவு பண்ணியாச்சு. பாக்கறதுக்குன்னு கடைலேர்ந்து வந்ததுல மத்ததக் கட்டி வெச்சிடுங்க, திருப்பி எடுத்துட்டுப் போக கூரியர்காரர் வந்துடுவாரு.

அப்பா: இரு, இரு... சின்னவளுக்கு அந்த மரக்கட்டை செட்டுன்னு சொன்னே, சரி. அதக் கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்கறா, இனிமே பிடுங்க முடியாது. பச்சை யாருக்கு?

அம்மா: பெரியவளுக்கு.

அப்பா: அது ரெண்டு வகுப்பு கீழ உள்ள கணக்குப் புத்தகமாச்சே!

அம்மா: அஸ்திவாரம் பலமா இருக்கணும்ல?

அப்பா: கூரையே போட்டாச்சு. இப்போ போய் அஸ்திவாரம் தோண்டறேங்கறே.

அம்மா: கிண்டல் பண்ணாதீங்க. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்ல வெச்சு சொல்லிக் குடுக்கறது நான். இப்போ படிக்கற நீலப் புத்தகம் அவளுக்கு ஏறலை.

அப்பா: ஏறலைன்னு யார் சொன்னா?

அம்மா: தினமும்தான் பாக்கறேனே! நீங்க வேலை விட்டு வந்ததும் புத்தகத்தத் தூக்கிட்டு, உங்களையும் இழுத்துட்டு நான் சமைக்கற சமையலறைக்கு வந்துடறா. "அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க... மெதுவா சொல்லுங்க"ன்னு ஒரே கணக்க திருப்பித் திருப்பி! குக்கர் சத்தத்தையும் மீறிக் கத்தறா.

அப்பா: சமையலறைக்கே ஏன் வர்றான்னு யோசிச்சியா?

அம்மா: அங்க மேசை இருக்கு.

அப்பா: மேசை முழுக்க நீ நறுக்கின வெங்காயம் இருக்கு. கூடத்துல பெரிய மேசை சும்மா கிடக்கு.

அம்மா: அதுக்கு என்ன இப்போ?

அப்பா: ஆறை அரையால வகுத்தா எவ்வளவு?

அம்மா: எனக்கு எதுக்குப் பரீட்சை...

அப்பா: சும்மா சொல்லேன்.

அம்மா: பன்னெண்டு. ஆறு லிட்டர் பால அரை லிட்டர் குவளையில ஊத்தினா பன்னெண்டு குவளை. இதுகூடத் தெரியாதா?

அப்பா: குவளைக் கதைய எங்க கேட்டே?

அம்மா: நீங்கதான்... அவளுக்குச் சொல்லிட்டிருந்தீங்க. காதுல விழுந்துது.

அப்பா: அதுக்கு முந்தின நாள் அவ பன்னெண்டுன்னு எழுதியிருந்தா. நீ சிவப்புப் பேனாவால அடிச்சு, மூணுன்னு திருத்தியிருந்தே.

அம்மா: ஐயோ... பாத்துட்டீங்களா?

அப்பா: அவதான் காட்டினா. "அம்மாகிட்ட கேக்காதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க. நான் புரியாத மாதிரி கேக்கறேன், நீங்க சத்தமா சொல்லுங்க. அம்மாவுக்குக் கேக்கட்டும்"னா.

அம்மா: எனக்காகவா அப்படிக் கத்தினா?

அப்பா: ஏய்... அழறியா?

அம்மா: வெங்காயம்.

அப்பா: இன்னைக்கு நீ வெங்காயமே தொடலையே.

அம்மா: போங்க... ஏறாதது அவளுக்கில்லைங்க, எனக்குத்தான். அது எனக்கும் தெரியும். அவ மேல பழியப் போட்டு, என் அளவுக்கு அவள இறக்கப் பாத்தேன். அந்தக் குழந்தை என்னடான்னா...

அப்பா: சரி, விடு.

அம்மா: எப்படி விடறது? வீட்லயே படிக்க வைக்கறேன்னு நான் ஒத்தக் கால்ல நின்னப்போ, எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் "செய்"னீங்க. அந்த வார்த்தைய வீணாக்கிடுவேனோன்னு பயம்.

அப்பா: கணக்கத் தப்பாத் திருத்தினாலும் பொண்ண சரியாத்தான் வளத்திருக்கே.

அம்மா: நீலத்தையே அவ படிக்கட்டும். அவளுக்கு அடுத்த புத்தகமும் அதே வரிசையில வாங்கலாம். பச்சையத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அப்பா: அது யாருக்கு?

அம்மா: எனக்கு. கீழ இருந்து வர்றேன். ஆனா ஒண்ணுங்க... எவ்வளவு பொறுமையா, அழகா சொல்லிக் குடுக்கறீங்க! எனக்கும் நீங்களே வாத்தியாரா இருந்துடுங்க. உங்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கேன்.

அப்பா: அது... வந்து...

அம்மா: என்ன இழுக்கறீங்க?

அப்பா: பச்சைப் புத்தகம் ரெண்டா வாங்கிடு. அந்தக் குவளைக் கதைய, பின்வாசல் படியில உக்கார வெச்சு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நம்ம பெரியவதான். மொதல்ல அவ கேட்டப்போ நானும் மூணுன்னுதான் சொன்னேன்.