பிஸ்கட் டப்பாவுக்குள் எக்கோ

— செத்துப் போச்சு.

— எது அத்தான்?

— எக்கோதான், வேற எது? கிட்டார் தந்தியை ஒரு தட்டு தட்டினேன். ஒரே ஒரு தடவை திரும்பிச் சொல்லுச்சு, அத்தோட சரி. நம்ம பழைய டேப் மெஷின் இப்படியா இருந்துச்சு? ஒரு தட்டுத் தட்டிவிட்டா ஏரியோட அக்கரை வரைக்கும் போயி, தேஞ்சு தேஞ்சு திரும்பி வரும்.

— டப்பாவுல இருக்கற திருகை இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?

— ஏத்து, ஏத்து. கஞ்சத்தனம் பண்ணாதே.

— ஏத்தியாச்சு. தட்டுங்க.

— ம்ஹூம். இதுவும் செத்துப் போச்சு. கோவிச்சுக்காதே ரூஸ்பெல். பிஸ்கட் டப்பாவுக்குள்ள பிஸ்கட்தான் இருக்கும் மாப்ள, எக்கோவா இருக்கும்?

— அத்தான், நான் பொறுமைசாலிதான். ஆனா எனக்கும் ஒரு எல்லை இருக்கு. எக்கோவுக்குன்னு முதல் டப்பாவைச் செஞ்சு கொண்டுவந்தேன். சத்தம் கழுவி வச்ச மாதிரி பளிச்சுன்னு இருக்கு, டேப் இப்படியா இருக்கும்னீங்க. நியாயம்தான்னு, ஒவ்வொரு சுத்துக்கும் சத்தம் கொஞ்சம் மங்கற மாதிரி மாத்தினேன். அடுத்த டப்பாவுல நடுக்கம் இல்லேன்னீங்க. வெயில்ல டேப் இழுத்துக்கிட்டு அழுமே, அந்த அழுகைக்குன்னே தனியா ஒரு திருகு வச்சேன். இப்ப செத்துப் போச்சுங்கறீங்க. சால்டரிங் புகையில என் கண்ணு ரெண்டும் கோவைப்பழம்.

— பேஸ் கிட்டார் வாசிச்சுக்கிட்டிருந்தவனை எவன் சால்டரிங் பண்ணச் சொன்னான்?

— நீங்கதான்! எக்கோ இல்லாம தியோபால்தோ மேடை ஏற மாட்டான்னு, திருவிழாக் குழுக்காரங்க முன்னாடி நெஞ்சை நிமித்திச் சொன்னது நானா?

— சொன்னேன். இப்பவும் சொல்றேன். எக்கோ இல்லாத நம்ம பாட்டு, உப்பில்லாத மீன்குழம்பு. எவன் ஆடுவான்?

— நாளன்னைக்கு சான் ஹுவான் திருவிழா அத்தான். யரீனா ஏரிக்கரை முழுக்க ஜனம் நிக்கும். "மின்னல் குழு மறுபடியும் வருது, மின்னல் குழு மறுபடியும் வருது"ன்னு ஒருத்தன் மோட்டார் ரிக்‌ஷாவுல ஒலிபெருக்கியைக் கட்டிக்கிட்டு புகல்பா பூராவும் கத்திக்கிட்டுத் திரியறான்.

— திரியட்டும். அந்த மெஷின் மட்டும் ஆத்தோட போகாம இருந்திருந்தா, இன்னிக்கு உனக்கும் கஷ்டமில்ல, எனக்கும் கஷ்டமில்ல.

— ஏறும்போதே சொன்னேன், படகுல பாரம் அதிகம்னு.

— பாரத்தைச் சொல்லி என்ன பண்றது? உகயாலி ஆத்து வெள்ளத்துல முழு மரமே மிதந்து வந்து இடிச்சுது. நீ உன் பேஸ் கிட்டாரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு மிதந்தே. நான் உங்கக்காவைப் பிடிச்சேன். மெஷினைப் பிடிக்க ஆளில்ல. இப்ப அதுல ஆத்து டால்பினுங்க கச்சேரி பண்ணிக்கிட்டிருக்கும்.

— எனித் அக்காவும் மெஷினும் எதிரெதிர் பக்கமா போயிருந்தா யாரைப் பிடிச்சிருப்பீங்க?

— இதே கேள்வியைத்தான் உங்கக்கா இன்னிக்கு வரைக்கும் கேக்கறா. பதில் சொல்லாம ஓட்டிக்கிட்டிருக்கேன். நீ வேற ஞாபகப்படுத்தாதே.

— அக்கா இல்லேன்னா மெஷின் இல்ல அத்தான். மேடையில எக்கோ மெஷின் பக்கத்துலேயே அட்டையும் கையுமா நிக்கும். டேப் சூடாகி இழுத்துடுமேன்னு விசிறிக்கிட்டே இருக்கும்.

— அறுந்துபோனா? ரவிக்கையில ஒரு குட்டிக் கத்தரி வச்சிருப்பா. வெட்டி, ஒட்டி, நான் அடுத்த வரிக்கு வர்றதுக்குள்ள டேப்பைச் சுத்த விட்டுடுவா. ஜனங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒட்டின இடம் மட்டும் சுத்தி வரும்போதெல்லாம் 'டொக்'குன்னு ஒரு சத்தம். அந்த டொக்குக்கும் சேர்த்து ஆடுவாங்க நம்ம ஆளுங்க.

— ஆடுனாங்க, ஆடுனாங்க.

— அவ தலை ஆடும் பாரு மாப்ள. எக்கோ வரவர, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆட்டு. தேயத் தேய ஆட்டமும் சின்னதாகிக்கிட்டே போகும். அதைப் பார்த்துக்கிட்டேதான் நான் வாசிப்பேன். அந்தத் தலையாட்டல்லதான் நான் விழுந்தேன். உங்கப்பன் கட்டிக் கொடுக்க மாட்டேன்னாரு. நான் விட்டேனா?

— அவரு மாட்டேன்னது உங்க சட்டைக்கு. பூப்பூவா போட்டுக்கிட்டு வந்தீங்க. சரி, எனக்கு ஒரு சந்தேகம். எக்கோ எவ்வளவு தாமதிச்சு வரணும்? அதுதான் எனக்குப் பிடிபடல. நம்ம இசைத்தட்டு பூரா கீறல், கேட்டுக் கண்டுபிடிக்க முடியல. ஒரு குத்துமதிப்பா வச்சிருக்கேன்.

— குத்துமதிப்பா வச்சா குத்துமதிப்பாத்தான் ஆடுவாங்க.

— அதனாலதான் கேக்கறேன். எவ்வளவு தாமதிக்கணும்?

— அதை வாயால எப்படிச் சொல்றது? கைக்குத்தான் தெரியும். நீ டப்பாவைச் சரி பண்ணு முதல்ல.

— சரி. இருங்க, பின்பக்கம் ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு. அத்தான், அந்தத் திருப்புளியை எடுங்க... அத்தான்... அத்தான்!

— என்னப்பா? ஏன் கத்தறே?

— நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா எத்தனை தடவை கூப்பிடறது?

— தகரத்துல இப்படிக் கொட்டுது மழை. எவனுக்குக் கேக்கும்?

— எனக்குக் கேக்குதே... சரி விடுங்க. ஒண்ணு பண்ணுவோம். தந்தியை ஒரே ஒரு தட்டு தட்டுங்க. எக்கோ எப்ப நிக்குதோ அப்ப கையைத் தூக்குங்க.

— பள்ளிக்கூடம் நடத்தறியா?

— தூக்குங்களேன், எனக்காக.

— தட்டிட்டேன்... இந்தா, தூக்கிட்டேன். செத்துப் போச்சு.

— இன்னொரு தடவை. திருகை முழுசா ஏத்திட்டேன்.

— தட்டிட்டேன். இந்தா. செத்துப் போச்சு. நான்தான் சொல்றேன்ல.

— அத்தான், பக்கத்து வீட்டு சுல்மிரா அம்மா விளக்குமாத்தால சுவத்தை இடிக்கிறாங்க.

— எதுக்காம்?

— சத்தம் நிக்கவே மாட்டேங்குதாம்.

— அந்தம்மாவுக்குக் காது சரியில்ல மாப்ள. வயசாயிடுச்சு, பாவம்.

— ஆமா அத்தான். பாவம்தான்... டப்பா ரொம்பச் சூடாயிருச்சு. கொஞ்ச நேரம் ஆறட்டும். பேட்டரியைக் கழட்டிடறேன். நீங்க சும்மா வாசிச்சுக்கிட்டிருங்க, கிட்டார் நேரா ஆம்ப்ளிக்குப் போகும்.

— வாசிக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது.

— டேய் ரூஸ்பெல்! சுல்மிரா அம்மாவை என்னடா பண்ணினே? வாசல்ல நின்னு உன்னையும் உன் டப்பாவையும் சேர்த்துச் சாபம் விடறாங்க.

— வா எனித் அக்கா. நனைஞ்சுட்டியே.

— நான் நனைஞ்சா பரவால்ல, பொட்டலம் நனையல. இந்தா, திருவிழாப் பலகாரம், ஹுவானே பொட்டலம். சோறும் கோழியும் வச்சு இலையில கட்டி இப்பத்தான் அவிச்சேன். சுடச்சுடப் பிரிச்சுச் சாப்பிடு. திருவிழாவுக்குப் பொறுக்கமாட்டியேன்னு முன்னாடியே கொண்டாந்தேன்.

— அங்க வை. அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மெதுவாப் பேசு. அத்தான் அந்தப் பக்கம் திரும்பி வாசிச்சுக்கிட்டிருக்காரு, காதுல விழுந்துடப் போகுது.

— விழாது.

— மெதுவாங்கறேன்ல.

— விழாதுடா. வேணும்னா சத்தம் போட்டே பேசு.

— அப்ப உனக்குத் தெரியுமா?

— ஒரே கட்டில்ல படுத்து எந்திரிக்கிறவளுக்குத் தெரியாதா? முன்னெல்லாம் எங்கேயோ கோழி கூவினா எந்திரிச்சு உக்காருவாரு. இப்ப நான் தோளைத் தொட்டு எழுப்பறேன். மூஞ்சியைப் பார்த்துப் பேசினா வாய் அசையறதை வச்சுப் புரிஞ்சுக்கறாரு. முதுகைக் காட்டினா அவ்வளவுதான். கிட்டாரைத் தட்டற முதல் தட்டு கேக்குது. அதுக்கப்புறம் தேஞ்சு வர்ற எதுவும் கேக்கல.

— அப்ப என் டப்பாவுல குறையே இல்லையா?

— நீ முதல்ல கொண்டாந்த டப்பாவே நல்லாத்தான்டா இருந்துச்சு.

— அக்கா! புகையில கண்ணைக் கெடுத்துக்கிட்டு நான் ராப்பகலா... தெரிஞ்சே சும்மா இருந்தியா?

— கத்தாதே. கேளு. டப்பா சரியாயிடுச்சுன்னா மேடை ஏறணும். மேடை ஏறினா ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். டப்பா மேல பழியைப் போட்டுக்கிட்டே திருவிழாவைத் தாண்டிடலாம்னு பார்க்கறாரு. அதான் விஷயம். அவரு யாருகிட்டயும் சொல்லல, என்கிட்டகூடச் சொல்லல. நானும் கேக்கல. கேட்டா அழுதுடுவாரு. அவரு அழுதா எனக்குத் தாங்காதுடா தம்பி.

— எனக்கு மட்டும் தாங்குமா? ஆனா நாளன்னைக்கு என்ன பண்றது? எக்கோ எங்க விழுதுன்னு தெரியாம வாசிச்சா, இவரு ஒரு பக்கம் ஓடுவாரு, பாட்டு ஒரு பக்கம் ஓடும். எக்கோ இல்லாமலும் ஏற மாட்டாரு. ஏரிக்கரையே கைகொட்டிச் சிரிக்கும். அதை என்னால பார்க்க முடியாது. குழுக்காரங்ககிட்டப் போயி, அத்தானுக்குக் காய்ச்சல், வேற ஆளைப் போட்டுக்குங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன்.

— போகாதே.

— அக்கா...

— போகாதேங்கறேன்ல. அவரு வாசிக்கணும்டா. இந்த ஒரு தடவை. அடுத்த சான் ஹுவானுக்கு அந்த முதல் தட்டும் அவருக்குக் கேக்காது. எனக்குத் தெரியும், மாசாமாசம் குறைஞ்சுக்கிட்டே வருது.

— எப்படி வாசிப்பாரு? வழி சொல்லு.

— வழி தெரிஞ்சா உன்கிட்டயா புலம்பிக்கிட்டிருப்பேன்?

— யாரு, எனித்தா? எப்ப வந்தே? ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு என் முதுகுக்குப் பின்னாடி என்ன ரகசியம்?

— இப்பத்தாங்க வந்தேன். நீங்க குறை சொல்றீங்கன்னு உங்க மாப்ள அழறான்.

— அழட்டும். ஊதாக்கலர் ரவிக்கை போட்டிருக்கே? அப்பவும் இந்த மாதிரி ஒண்ணு வச்சிருந்தியே.

— வச்சிருந்தேன். அதுவும் படகோட போச்சு.

— இங்க வா. டப்பா பக்கத்துல நில்லு. அப்பல்லாம் நிப்பியே, அதே மாதிரி. அந்த அட்டையை எடுத்து விசிறு.

— பெரிய மனுஷன் பண்ற வேலையைப் பாரு. விசிறறதுக்கு இதுல டேப்பா ஓடுது?

— ஓடலேன்னா என்ன? சும்மா நில்லேன். நம்ம 'விடியப் போற படகு' பாட்டை வாசிக்கிறேன். நீ அந்த இடத்துல நின்னா எனக்கு வரும்.

— நின்னுட்டேன். விசிறவும் செய்றேன். வாசிங்க.

— அத்தான், கொஞ்சம் இருங்க, நான் இன்னும்...

— பேசாதே மாப்ள. கை ஆரம்பிச்சுடுச்சு.

— ஆஹா. கேட்டு எவ்வளவு காலமாச்சு... இதோ, துறையில கயிறு அவுக்கற இடம். அடுத்தாப்புல படகு கரையை விட்டு விலகும். இந்த இடத்துலதான் கொந்தமானா ஊர்ல ஜனங்க செருப்பைக் கழட்டிட்டு ஆடினாங்க, ஞாபகமிருக்கா ரூஸ்பெல்?

— இருக்கு அக்கா.

— மாப்ள! இதுதான்! இதேதான்! கையை எடு, திருகைத் தொடாதே!

— நான் எதையும் தொடல அத்தான்.

— தொடாதே. அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பதில் வருது பாரு! உடனே வராம, ஒரு மூச்சு யோசிச்சுட்டு வருது பாரு! பழைய மெஷின் ஆத்துலேருந்து எந்திரிச்சு வந்துடுச்சு. எனித், அதே ஆட்டு ஆடறியே! உனக்கும் கேக்குதுதானே?

— கேக்குதுங்க, நல்லாக் கேக்குது. அதே இடைவெளி. அக்கரைக்குப் போயிட்டுத் திரும்பி வருது. டேய் தம்பி, எப்படிடா கொண்டாந்தே? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது.

— மாப்ள, குழுக்காரங்ககிட்டச் சொல்லிடு. தியோபால்தோ வாசிக்கிறான். ஆனா உங்கக்கா என் கண்ணுக்கு நேரா, டப்பா பக்கத்துல நிக்கணும். இவ நின்னா நான் விடியற வரைக்கும் வாசிப்பேன்.

— சொல்லிடறேன் அத்தான். வாசிங்க, நிறுத்தாதீங்க... அக்கா, என் பக்கம் திரும்பாதே, தலையாட்டறதையும் நிறுத்தாதே. டப்பாவோட பேட்டரி இன்னும் என் சட்டைப் பையிலதான் இருக்கு. இப்பத்தான் போடப் போறேன், உன் தலை எங்க ஆடுதோ அங்கதான் திருகை வைக்கணும்.